கண் திறந்திருந்தும் தெரியாமல் போவது ஏன்? விழிப்பும் பார்வையும் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலூரில் ஒரு மருத்துவமனையில் இருபது வருடமாக இ.இ.ஜி. எடுப்பது என் வேலை. தலையில் பசை தடவி, கம்பி ஒட்டி, மூளையின் மின்சாரத்தைப் பதிவு செய்வது. போன மார்ச்சில் பாதுகாப்பு வாரத்துக்கு ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் பேசக் கூப்பிட்டார்கள். கன்டெய்னர் டிரைவர்கள், செக்கிங் பிரிவுப் பெண்கள், நைட் வாட்ச்மேன்கள் என்று நூறு பேர் இருப்பார்கள். நான் பேசியது அரை மணி நேரம், அவர்கள் கேள்வி கேட்டது ஒன்றரை மணி நேரம். அந்தக் கேள்விகளையும், என்னிடம் வரும் நோயாளிகளின் வீட்டார் கேட்பவற்றையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. மருந்து மாத்திரை விஷயத்துக்கு டாக்டரைத்தான் பார்க்க வேண்டும்.

"கண்ணு தொறந்துகினுதான் சார் இருந்தேன். முன்னாடி நின்ன லாரி எப்படித் தெரியாம போச்சு?"

கேட்டவர் ஐம்பது வயது டிரைவர். விடியற்காலை நாலு மணி, பள்ளிகொண்டா டோல்கேட் தாண்டிக் கொஞ்ச தூரம். ஓரத்தில் ஒரு லாரி, இண்டிகேட்டர் போட்டுக்கொண்டுதான் நின்றிருக்கிறது. கடைசி நொடியில் ஒடித்ததில் கண்ணாடி மட்டும் போனது. "தூங்கிட்டேன்னு எல்லாரும் சொல்றாங்க. சத்தியமா தூங்கல" என்றார். நான் அவரை நம்புகிறேன்.

கண் செய்வது வாங்கி அனுப்பும் வேலை. விழித்திரையில் விழுந்த வெளிச்சம் மின்துடிப்பாகி, பார்வை நரம்பு வழியாக மூளையின் நடுவில் இருக்கும் தலாமஸுக்குப் போகிறது. அங்கே எல்.ஜி.என். என்று ஒரு சின்ன இடம், முழங்காலை மடக்கியது மாதிரி வளைந்திருக்கும். அங்கிருந்துதான் பிடரிப் பக்கம் இருக்கும் பார்வைப் புறணிக்கு, அதாவது பார்த்தது என்ன என்று புரிந்துகொள்ளும் மூளையின் மேலடுக்குக்கு, வண்டி மாற வேண்டும். ஆம்பூரிலிருந்து திருப்பதி போகிறவர் காட்பாடியில் இறங்கி வேறு ரயில் பிடிக்கிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பலருக்கும் தெரியாத ஒரு சங்கதி இருக்கிறது. எல்.ஜி.என். செல்களுக்கு வந்து சேரும் இணைப்புகளில் கண்ணிலிருந்து வருவது ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான். மீதி எல்லாம் மூளைக்குள்ளிருந்தே வருபவை: புறணியிலிருந்து திரும்பி வருகிற இணைப்புகள், மூளைத்தண்டிலிருந்து வருபவை, பக்கத்திலேயே இருந்து அடக்கி வைக்கிற செல்கள். என்ன செய்தி என்பதைக் கண் சொல்கிறது. எவ்வளவு வேகத்தில், எவ்வளவு தெளிவாக மேலே போகும் என்பதை முடிவு செய்வது இந்த மற்றவர்கள்தான். அவருடைய கண்ணில் லாரி விழுந்தது. மேலே போய்ச் சேர்ந்தது மந்தமாக, தாமதமாகப் போயிருக்க வேண்டும்.

எண்பது கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடிக்கு 22 மீட்டர் போகிறோம். மூன்று நொடி மந்தமாக இருந்தால் 66 மீட்டர். டவுன் பஸ் ஐந்தாறை வரிசையாக நிறுத்தி வைக்கலாம் அந்த இடத்தில்.

அந்த எல்.ஜி.என்.-க்குள் அப்படி என்ன மாறுகிறது?

அந்தச் செல்கள் இரண்டு விதமாகப் பேசும். ஒன்று, கண்ணிலிருந்து துடிப்பு வர வர, ஒன்றொன்றாக, வந்த கணக்குக்கு ஏற்பக் கடத்துவது. இன்னொன்று, சும்மா இருந்துவிட்டுத் திடீரென்று நாலைந்து துடிப்பைச் சரவெடி மாதிரி வெடித்துவிட்டு மறுபடி அடங்குவது.

குடியாத்தம் பஸ்ஸில் இரண்டு வகைக் கண்டக்டரைப் பார்த்திருப்பீர்கள். ஒருவர் ஒவ்வொரு ஸ்டாப்பிங்கிலும் பேரைச் சொல்லி, ஏறினவரைக் கேட்டு, டிக்கெட் கிழித்துக்கொண்டே வருவார். இன்னொருவர் சீட்டில் சாய்ந்துகொண்டு நாலு ஸ்டாப்பிங் விட்டுவிடுவார். அப்புறம் திடுக்கென்று எழுந்து "டிக்கெட் டிக்கெட் டிக்கெட்" என்று கத்துவார். யாரோ ஏறியிருக்கிறார்கள் என்பது அந்தக் கத்தலிலும் தெரியும். எத்தனை பேர், எங்கே ஏறினார்கள் என்பது தெரியாது.

செல்லின் சவ்வில் டி வகைக் கால்சியம் வாசல்கள் என்று உண்டு. நன்றாக விழித்திருக்கும்போது செல்லின் மின்னழுத்தம் கொஞ்சம் உயர்ந்தே இருக்கும். அந்த நிலையில் இந்த வாசல்கள் தாழ் போட்டுக்கொள்ளும், செல் முதல் கண்டக்டர் மாதிரி வேலை செய்யும். விழிப்பு குறையும்போது மின்னழுத்தம் கீழே இறங்கும், தாழ் விலகும். அப்போது ஒரு சின்னத் தூண்டல் வந்தாலே வாசல் படாரென்று திறந்து சரவெடி கிளம்பும். எல்லாமே ரசாயனமும் மின்சாரமும்தான். "முழிச்சிகினு இரு" என்று மனசுக்குள் சொல்லிக்கொள்வது இந்தத் தாழ் வரைக்கும் போகாது.

சரவெடி வீண் என்று சொல்ல மாட்டேன். மந்தமாக இருக்கும்போது புதிதாக ஏதோ வந்திருக்கிறது என்று தட்டி எழுப்ப அது உதவும் என்று ஆராய்ச்சியாளர்கள் பலர் கருதுகிறார்கள். ஆனால் தட்டி எழுப்பிய பிறகு எழுந்து பார்க்க நேரம் வேண்டுமே.

இந்தத் தாழை யார் போடுகிறார், யார் எடுக்கிறார்?

மூளைத்தண்டு. கழுத்துக்கு மேலே, மூளையின் அடிப்பக்கம். அங்கே லோகஸ் செருலியஸ் என்று ஒரு துளி இடம், பெயருக்கு நீலப் புள்ளி என்று அர்த்தம். சில பத்தாயிரம் செல்கள்தான், ஆனால் மூளை முழுக்க நார்அட்ரினலின் என்ற ரசாயனத்தை அனுப்புவது அதுதான். பக்கத்திலேயே அசிட்டைல்கொலின் என்ற இன்னொரு ரசாயனத்தை அனுப்பும் செல்களும் உண்டு. இரண்டும் எல்.ஜி.என்.-ஐ விழிப்பு நிலையில் நிறுத்தி வைக்கின்றன, புறணியையும் தட்டிக்கொடுக்கின்றன.

1949-ல் மொருஸ்ஸி, மகூன் என்ற இருவர், மயக்கத்தில் இருந்த பூனையின் மூளைத்தண்டில் மின்சாரம் கொடுத்துப் பார்த்தார்கள். புறணியில் பெரிது பெரிதாக ஓடிக்கொண்டிருந்த தூக்க அலைகள் கலைந்து, விழித்திருப்பவருடைய பதிவு மாதிரி ஆகிவிட்டது. விழிப்பு என்பது கண்ணும் காதும் அனுப்பும் செய்தியால் மட்டும் வருவதில்லை, அதற்கென்று தனி ஏற்பாடு உள்ளே இருக்கிறது என்பது அதில்தான் தெளிவானது. அதே 1949-ல்தான் நம்ம வேலூர் சி.எம்.சி.யில் ஜேக்கப் சாண்டி இந்தியாவின் முதல் நரம்பு அறுவை சிகிச்சைப் பிரிவைத் தொடங்கினார். இரண்டுக்கும் சம்பந்தம் கிடையாது. ஆனாலும் அந்த வருடத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு சந்தோஷம்.

எங்கள் ஊரைப் பற்றி ஒரு பழைய கிண்டல் உண்டு: சாமி இல்லாத கோயில், தண்ணீர் இல்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை. சாமி 1981-ல் ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்குத் திரும்பிவிட்டார், பாலாறு இன்னும் அப்படித்தான். தூக்கக் கலக்கத்தில் திறந்திருக்கும் கண் அந்த ராஜா இல்லாத கோட்டைதான். சுவர், அகழி எல்லாம் அப்படியே இருக்கும். உள்ளே உத்தரவு போட ஆள் இருக்காது.

இதெல்லாம் எப்படித் தெரியும்? மனுஷன் மண்டையைத் திறந்தா பார்த்தார்கள்?

பெரும்பாலும் மிருகங்களில். பார்வைப் புறணியைப் பற்றி நமக்குத் தெரிந்த அடிப்படைகளில் பாதி, ஹ்யூபலும் வீசலும் மயக்க மருந்து கொடுத்த பூனைகளில் 1950களின் கடைசியிலும் 60களிலும் கண்டுபிடித்தவை. 1981-ல் நோபல் பரிசு வாங்கினார்கள். ஆனால் மயங்கிக் கிடக்கும் பூனையிடம் விழிப்பைப் பற்றி அதிகம் கேட்க முடியாது இல்லையா.

அதற்கு முயல் கிடைத்தது. முயல் மந்தமாக இருக்கும்போதும் கண்ணைத் திறந்தபடி, விழியை அசைக்காமல் வைத்திருக்கும். அதனால் ஒரே காட்சியை, விழிப்பாக இருக்கும்போதும் மந்தமாக இருக்கும்போதும் அதே கண்ணுக்குக் காட்டி ஒப்பிடலாம். அமெரிக்காவில் ஸ்வாட்லோவும் அவர் கூட்டாளிகளும் 2006-ல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் செய்தது. விழிப்பிலிருந்து மந்தத்துக்குப் போன ஒரே நொடிக்குள் எல்.ஜி.என்.-இல் சரவெடிகள் ஏகமாகக் கூடின. வேகமாக மின்னி மாறுகிற காட்சியைப் பின்தொடரும் திறன் சட்டென்று குறைந்தது. ஆனால் ஒவ்வொரு செல்லும் எவ்வளவு பரப்பைப் பார்க்கிறது என்பதில் மாற்றம் இல்லை.

அந்தக் கடைசி வரியை நான் இரண்டு தடவை படித்தேன். பரப்பு அப்படியே இருக்கிறது, வேகம்தான் போகிறது. முயலுக்கு நடப்பது நமக்கும் நடக்கிறது என்றால், தூக்கக் கலக்கத்தில் இருப்பவருக்கு எழுத்துப் பலகை ஓரளவு தெரியும், குறுக்கே ஓடுகிற நாய்தான் தவறும். கண் டாக்டரிடம் போய் "கண்ணு நல்லாத்தான் இருக்கு" என்று சீட்டு வாங்கி வருகிற டிரைவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

எலிகளிலும் ஒன்று செய்தார்கள். காற்றில் மிதக்கும் பந்தின் மேல் எலியை நிற்க வைத்து, நியலும் ஸ்ட்ரைக்கரும் 2010-ல் பார்த்தது இது: எலி ஓடத் தொடங்கியதும் அதே காட்சிக்குப் பார்வைப் புறணியின் பதில் இரண்டு மடங்குக்கு மேல் போனது. அந்தச் சோதனையில் எல்.ஜி.என்.-இல் பெரிய மாற்றம் தெரியவில்லை. ஆக, தாழ் ஒரே இடத்தில் மட்டும் இல்லை.

உங்கள் மிஷினில் இதைப் பார்க்க முடியுமா?

ஒரு செல்லைப் பார்க்க முடியாது. கூட்டத்தைப் பார்க்கலாம். ஜெர்மனியில் பெர்கர் 1929-ல் வெளியிட்ட அதே விஷயத்தைத்தான் நான் தினமும் காலையில் பார்க்கிறேன். "கண்ணை மூடுங்க" என்று சொன்னதும் பின்மண்டைக் கம்பிகளில் ஆல்பா அலை எழும்பும், நொடிக்கு எட்டிலிருந்து பன்னிரண்டு, சீப்புப் பல் மாதிரி ஒழுங்காக. "திறங்க" என்றால் அழிந்துவிடும். நோயாளி அப்படியே தூக்கத்துக்குச் சாயும்போது அந்தச் சீப்பின் பற்கள் ஒவ்வொன்றாக உதிரும், விழிகள் மெதுவாக இந்தப் பக்கம் அந்தப் பக்கம் உருளும், அலை நீண்டு மந்தமாகும். குறட்டை வருவதற்கு முன்னாலேயே எனக்குத் தெரிந்துவிடும். எழுப்பிக் கேட்டால் பத்தில் நாலு பேராவது "தூங்கலயே" என்பார்கள், என் அனுபவத்தில்.

வேலூருக்கு வங்காளத்திலிருந்து வருகிறவர்கள் அதிகம். "சோக் பொந்தோ கோருன்" என்று சொல்லக் கற்றுக்கொண்டேன். சித்தூர்க்காரர்களுக்கு "கள்ளு மூசுக்கோண்டி". முதல் தடவை அதைக் கேட்ட ஒரு ஆற்காட்டுப் பெரியவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

இன்னொரு சோதனை இருக்கிறது, வி.இ.பி. என்போம். டிவியில் கறுப்பு வெள்ளைக் கட்டங்கள் நொடிக்கு இரண்டு தடவை இடம் மாறும், நடுவில் ஒரு சிவப்புப் புள்ளி. ஒவ்வொரு மாற்றத்துக்கும் பின்மண்டையில் சுமார் நூறு மில்லிநொடியில், அதாவது நொடியில் பத்தில் ஒரு பங்கில், ஒரு மேடு வரும். பல நூறு தடவை சராசரி எடுப்போம். நோயாளி சொக்கினால் மேடு தாழ்ந்துவிடும், சில சமயம் தள்ளியும் போகும். பார்வை நரம்பில் கோளாறு என்று தப்பாக எழுத வேண்டி வரும். அதனால்தான் நான் பக்கத்திலேயே உட்கார்ந்து "புள்ளிய பாருங்க, புள்ளிய பாருங்க" என்று அனத்துகிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

விழிப்பும் கவனமும் ஒன்றுதானா?

இல்லை. விழிப்பு என்பது வீட்டுக்கு மொத்தமாகக் கரண்ட் வருவது. கவனம் என்பது எந்த அறையில் விளக்குப் போடுகிறோம் என்பது. கரண்ட் இல்லாமல் விளக்கு எரியாது, ஆனால் கரண்ட் இருந்தும் இருட்டு அறை இருக்கலாம். 1999-ல் சைமன்ஸும் சாப்ரிஸும் ஒரு வீடியோ காட்டினார்கள். பந்து எத்தனை தடவை கை மாறுகிறது என்று எண்ணச் சொன்னார்கள். நடுவில் கொரில்லா வேஷம் போட்டவர் வந்து மார்பில் அடித்துக்கொண்டு போகிறார், பார்த்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் கவனிக்கவில்லை. அவர்கள் எல்லோரும் நன்றாக விழித்திருந்தவர்கள்.

நம்ம பக்கத் தெருக்கூத்தில் இரண்டும் உண்டு. பாரதக் கூத்து விடிய விடிய நடக்கும். இரண்டு மணிக்கு மேல் சனம் பாயில் சாயும், கண் பாதி திறந்திருக்கும். அப்போது கட்டியக்காரன் வந்து பெயர் சொல்லி யாரையாவது வம்புக்கு இழுப்பான், மத்தளம் எகிறும். அது விழிப்பைத் தூக்குவது. அப்புறம் திரை பிடித்து, திரைக்குப் பின்னாலிருந்து கிரீடத்தின் நுனியை மட்டும் காட்டுவார்கள். அது கவனத்தை இழுப்பது. கூத்து வாத்தியார்களுக்கு நரம்பியல் தெரியாது, ஆனால் வரிசை சரியாக இருக்கிறது.

"மதியம் ரெண்டரைக்கு மேல தையல் விட்டது கண்ணுல படமாட்டேங்குது. எனக்குக் கண்ணாடி போடணுமா?"

செக்கிங் பிரிவில் இருக்கும் ஒரு அக்கா கேட்டார். மேஜையில் டியூப்லைட் தாழ்வாக, ஷூ அப்பர் ஒன்றொன்றாக வரும். விரலை உள்ளே விட்டு, தையல் ஓரத்தில் ஓட்டி, ஒரு தையல் தவறியிருந்தால் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். காலையில் பிடிக்கிற குறை மதியம் தவறிப்போய், கடைசிப் பரிசோதனையில் திரும்பி வருகிறது, திட்டு விழுகிறது.

கண் சோதனை செய்துகொள்ளட்டும், அதில் நஷ்டமில்லை. நாற்பது தாண்டினால் கிட்டத்தில் இருப்பதைப் பார்க்கக் கண்ணாடி தேவைப்படும். ஆனால் காலையில் தெரிந்து மதியம் தெரியாதது கண்ணின் குறை மட்டுமாக இருக்க முடியாது. மதியம் இரண்டிலிருந்து நாலு வரை உடம்பின் கடிகாரத்திலேயே ஒரு சரிவு உண்டு. சோறு சாப்பிட்டால் கூடும், சாப்பிடாவிட்டாலும் வரும். அதோடு, அபூர்வமாக வரும் குறைக்காக ஒரே மாதிரிப் பொருளைப் பார்த்துக்கொண்டே இருப்பது மூளைக்கு மிகக் கடினமான வேலை. போர்க்காலத்தில் ரேடார் பார்ப்பவர்கள் ஏன் தவறவிடுகிறார்கள் என்று ஆராய்ந்த மாக்வொர்த், ஒரு கடிகார முள் எப்போதாவது இரட்டைத் தாவல் தாவுவதைக் கண்டுபிடிக்கச் சொன்னார். 1948-ல் வெளியிட்டார். முதல் அரை மணி நேரத்திலேயே தவறுகள் ஏறத் தொடங்கின. படித்த, தேர்ந்த ஆட்கள்தான் அவர்கள்.

அரை மணிக்கு ஒரு தடவை இடம் மாற்றிக் கொடுங்கள், ஐந்து நிமிடம் எழுந்து நடக்க விடுங்கள் என்று சூப்பர்வைசரிடம் சொன்னேன். டார்கெட் என்ன ஆகும் என்று கேட்டார். திரும்பி வருகிற ஜோடிகளை எண்ணிப் பாருங்கள் என்றேன். எண்ணினாரா தெரியாது.

மூளையில் ஒரு பகுதி மட்டும் தூங்குமா?

தூங்கும் என்றுதான் தோன்றுகிறது. ரொம்ப நேரம் விழிக்க வைத்த எலிகளில், எலி கண் திறந்து நடமாடிக்கொண்டிருக்கும்போதே புறணியில் சில செல் கூட்டங்கள் சின்ன நேரத்துக்கு அணைந்து அணைந்து எரிந்ததை 2011-ல் காட்டினார்கள். வலிப்பு அறுவை சிகிச்சைக்காக மூளைக்குள் கம்பி வைத்திருந்த நோயாளிகளில் 2017-ல் ஒரு ஆய்வு வந்தது. இரவு முழுக்கத் தூங்காமல் படங்களைப் பார்த்துச் சொல்லும்போது, பதில் தாமதமான சமயங்களில் செல்களின் துடிப்பும் பலவீனமாக, தாமதமாக இருந்தது. "தூங்கல சார், ஆனா தெரியல" என்று சொல்வதில் பொய் இல்லை என்று நான் நினைப்பது இதனால்தான்.

டீ குடித்தால் போதாதா? முகம் கழுவினால்? பாட்டுப் போட்டால்?

முகம் கழுவுவதும் பாட்டும் சில நிமிடத்துக்கு. டீ, காபி கொஞ்சம் உருப்படியானவை. விழித்திருக்கும் நேரம் கூடக் கூட மூளையில் அடினோசின் என்ற ரசாயனம் சேரும், அது விழிப்புச் செல்களை அடக்கும். காபின் போய் அடினோசின் உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்துகொள்கிறது. அடினோசின் எங்கேயும் போகவில்லை, நின்றுகொண்டுதான் இருக்கிறது. காபி வேலை செய்யச் சுமார் அரை மணி ஆகும். அதனால் டீக்கடையில் குடித்த கையோடு வண்டியை எடுக்காமல், ஓரம் கட்டிப் பதினைந்து இருபது நிமிடம் கண் மூடினால் இரண்டும் சேர்ந்து வேலை செய்யும். காபின் பாதியாகக் குறையவே சராசரியாக ஐந்து மணி நேரம் ஆகும். விடிந்ததும் வீட்டில் படுக்கப் போகிறவர் அதையும் கணக்கில் வைக்க வேண்டும்.

ஒரு தடவை அணைக்கட்டுப் பக்கம் கூத்துப் பார்த்துவிட்டு, விடியற்காலையில் இரண்டு டீ குடித்த தைரியத்தில் டி.வி.எஸ்.ஸை எடுத்தேன். தினமும் போகிற ரோடு, தெரிந்த வேகத்தடை. அது இருப்பது கீழே விழுந்த பிறகுதான் தெரிந்தது. இடது முழங்கையில் தழும்பு இன்னும் இருக்கிறது.

அப்போது விழிப்பு கூடக் கூட நல்லதா?

ஒரு அளவு வரைக்கும். 1908-ல் யெர்க்ஸும் டாட்சனும் எலிகளுக்கு வெள்ளைப் பெட்டியையும் கறுப்புப் பெட்டியையும் பிரித்தறியக் கற்றுக்கொடுத்தார்கள், தப்பானதற்குள் போனால் ஷாக். வித்தியாசம் பளிச்சென்று தெரிந்தபோது ஷாக் கூடக் கூடச் சீக்கிரம் கற்றுக்கொண்டன. வித்தியாசம் நுணுக்கமாக இருந்தபோது நடுத்தர ஷாக்தான் சரிப்பட்டது, அதற்கு மேல் குழப்பம். பப்ளிக் பரீட்சைப் பதற்றத்தில் "அல்ல" என்ற சொல்லை விட்டுவிட்டுக் கேள்வியைப் படிக்கிற பிள்ளையை எனக்குத் தெரியும். என் மகள்தான்.

செல்போன் வெளிச்சம்?

விழித்திரையில் காட்சிக்காக இல்லாமல், பகலா இரவா என்று சொல்வதற்கே சில செல்கள் இருக்கின்றன. 2002 வாக்கில்தான் அவை உறுதியாயின. நீல வெளிச்சம் அவற்றுக்குப் பிடிக்கும், உடம்பின் கடிகாரத்துக்கு நேராகத் தகவல் போகும். ராத்திரி ஷிப்டில் பளிச்சென்ற வெளிச்சம் உதவும் என்பதும், படுக்கையில் போன் தூக்கத்தைத் தள்ளும் என்பதும் ஒரே காரணத்தால்தான்.

என் பையன் வகுப்பில் கண்ணைத் திறந்தபடியே பராக்குப் பார்க்கிறான். இதுவும் தூக்கக் கலக்கம்தானா?

பல பிள்ளைகளுக்கு ஆமாம். ராத்திரி லேட்டாகப் படுத்திருப்பான், அல்லது பாடம் சலிப்பாக இருக்கும். கூப்பிட்டால், தோளைத் தொட்டால் திரும்புவான்.

தொட்டும் திரும்பாமல், பேச்சின் நடுவில் பத்து நொடி உறைந்து, இமை லேசாகத் துடித்து, பிறகு ஒன்றுமே நடக்காதது மாதிரி விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தால், அதுவும் ஒரு நாளில் பல தடவை என்றால், டாக்டரிடம் காட்டுங்கள். ஆப்சன்ஸ் எனும் ஒரு வகை வலிப்பாக இருக்கலாம். இதில் தலாமஸும் புறணியும் நொடிக்கு மூன்று தடவை சேர்ந்து அடிக்கத் தொடங்கிவிடும். நான் மேலே சொன்ன அதே டி வகைக் கால்சியம் வாசல்களுக்கு இதில் பங்கு உண்டு, எதோசக்சிமைடு என்ற மருந்து அந்த வாசல்களைத்தான் அடைக்கிறது.

இதைக் கண்டுபிடிக்க மூன்று நிமிடம் வேகமாக மூச்சு விடச் சொல்வோம். சின்னப் பிள்ளைகளுக்கு அது புரியாது என்பதால் கையில் ஒரு காகிதக் காற்றாடியைக் கொடுத்து ஊதச் சொல்வேன். காற்றாடி சுற்றிக்கொண்டே இருக்கும். ஒரு கட்டத்தில் பிள்ளை ஊதுவதை நிறுத்திவிட்டு அதையே பார்க்கும், காற்றாடி மெதுவாகி நிற்கும், திரையில் எல்லாக் கம்பியிலும் கூர் நுனி வைத்த அலைகள் ஓடும். பக்கத்தில் நிற்கிற அம்மா "சுத்தறத பார்த்துகினு இருக்கான்" என்பார்கள். சில நொடி கழித்து அவன் மறுபடி ஊத ஆரம்பிப்பான்.

இ.இ.ஜி.க்கு வரும்போது என்ன செய்ய வேண்டும்?

முந்தின நாள் தலைக்கு ஷாம்பு போட்டுக் குளித்துவிட்டு வாருங்கள். எண்ணெய் வைக்காதீர்கள், கம்பி ஒட்டாது. டாக்டர் குறைவாகத் தூங்கி வரச் சொல்லியிருந்தால் அப்படியே செய்யுங்கள், ஆனால் டூவீலரை நீங்கள் ஓட்டிக்கொண்டு வராதீர்கள். யாராவது கூட வரட்டும், இல்லையென்றால் பஸ்ஸில் வாருங்கள். வலிப்பு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டர் சொல்லாமல் நிறுத்தக் கூடாது.